திருவாளர் கொம்போட்டர் நாட்டை விட்டு வெளியேறும் விபரம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
28.01.1999

அன்பும் பொறுமையும் உள்ள மருமகன் ஞானவடிவேலுக்கு,

மாமா சுந்தரலிங்கம் எழுதிக்கொள்வது. உங்கள் கனடாவில் பனி முழங்கால் மட்டும் நிற்கிறதாகக் கேள்வி. முழங்காலும் அதற்கு மேலுள்ள சகல பாகங்களும் நலமாயிருக்கப் பிள்ளையார் துணை செய்வாராக. இங்கே நான், உங்கள் மாமி தையல்நாயகி, மகள் தமயந்தி ஆகிய மூவரும் சுகம். மூவர் என்று எழுதியதும் கை தானாக நின்றுவிட்டது. ஏனென்றால் பொலிஸ் புத்தகத்தின்படி இந்த வீட்டில் நாங்கள் நால்வர். அந்த நாலாவது ஆளைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

தமயந்திக்கு விசா குத்தியாயிற்று, அடுத்த மாதம் பதினோராம் திகதி வியாழக்கிழமை விமானம் என்பதை ரெலிபோனில் அறிந்திருப்பீர்கள். அறியாதது ஒன்று உண்டு. நீங்கள் ஆசையோடு அனுப்பிய கொம்போட்டர் என்ற அந்தத் தடித்த குளிர்ப் போர்வை, அதே விமானத்தில், அவளோடு உங்களிடமே திரும்பி வருகிறது. மாமாவும் மாமியும் பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று மனம் கோணக் கூடாது. அது திரும்புவது எங்கள் விருப்பத்தால் அல்ல, பொலிஸ் கட்டளையால். அவளே வந்து சொல்லட்டும் என்று விடலாம்தான். ஆனால் அவள் இதைச் சொல்லத் தொடங்கினால் பாதியில் சிரித்து உருண்டுவிடுவாள், நீங்களும் உங்கள் மாமனாரைப் பற்றி வேறு விதமாக நினைத்துவிடுவீர்கள். ஆகவே முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்து பழகிய கையால், நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன்.

இங்குள்ள முறை உங்களுக்கு மறந்திருக்கும். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இந்த ஒழுங்கையில் குடியேறிய நாள் தொட்டு, வீட்டில் யார் யார் என்று பொலிசில் பதிந்து, அந்தத் துண்டைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் கொளுவி வைத்திருக்கிறோம். வெளியாள் எவராவது ஓர் இரவு தங்கினாலும் பதிய வேண்டும். மற்றவர்கள் இதைத் தலையிடி என்பார்கள். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. பிரதி மூன்று எடுத்து வைத்திருக்கிறேன். போன வருடம் மாமியின் தங்கை ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வந்தபோதுகூட, நான் போய்ப் பதிந்துவிட்டு வந்த பிறகுதான் சோறு போட விட்டேன். அவ அதற்குப் பிறகு வருவதில்லை.

கீழ்வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரர் பலீல் ஹாஜியாரும் அவர் மனைவி பைறோஸாவும். நீங்கள் எடுக்கிற ரெலிபோன் அங்கேதான் அடிக்கும். மார்கழியில் நோன்பு தொடங்கிய முதல் நாள் பின்னேரம் நீங்கள் எடுத்தபோது நாங்கள் மூவரும் கோயிலுக்குப் போயிருந்தோம். பைறோஸாவுக்கு ஒரு கையில் கஞ்சி அகப்பை, மறு கையில் ரிசீவர். நாங்கள் படியேறும்போது அவ மறித்துச் சொன்னதை வரி பிசகாமல் தருகிறேன்:

“ஐயா, மருமகன் கோல் எடுத்தார். கொம்போட்டர் வாராம். செவ்வாக்கெழம அவரோட வேல செய்ற ஸவாஹிரோட வாராம். வெள்ளையாம், நல்ல பெருஸாம். கவனமாப் பாக்கச் செல்லிச் சொன்னார். ஈரம் ஆகாதாம், காத்து வரணுமாம், போட்டு அமுக்க வாணாமாம். சின்னக் கட்டில் பத்தாதாம். மறுகா, தமயந்திக்கு விருப்பமா எண்டு கேட்டு எழுதணுமாம்.”

அவர்கள் பேச்சில் ‘வாராம்’ என்றால் ஆளும் வரும், சாமானும் வரும். இது எனக்குப் பிறகுதான் ஓடி வெளித்தது. அந்த நேரம் என் மூளையில் ஓடியது வேறு. வெள்ளையாம், பெரியவராம், வந்து தமயந்திக்கு விருப்பமா என்று கேட்டு எழுதுவாராம். இதற்கு மேல் என்ன விளக்கம் வேணும்? போன ஆவணியில் எதிர்வீட்டுப் பெட்டையின் கல்யாணத்தைப் பொய்க் கல்யாணம் என்று சொல்லி விசாவை மறுத்திருந்தார்கள், அவள் இன்னும் பல்கனியில் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் பிள்ளையுடையது மெய்க் கல்யாணமா என்று பார்க்கக் கனடாவில் இருந்தே ஓர் அதிகாரியை அனுப்புகிறார்கள், அவர் பெயர் மிஸ்டர் கொம்போட்டர் என்று நான் முடிவெடுத்துவிட்டேன். ஈரம் ஆகாது, காற்று வேணும் என்றால் மனுசனுக்குத் தொய்வு, மூச்சு இழுப்பு. அமுக்க வேண்டாம் என்றால் கேள்விமேல் கேள்வி கேட்டுக் கரைச்சல் கொடுக்க வேண்டாம். எல்லாம் பொருந்தி வந்தது. தமயந்தி மட்டும், “என்னப்பா, பேர் ஒரு மாதிரிக் கிடக்கு” என்றாள். “வெள்ளைக்காரருக்குக் காப்பெண்டர், போட்டர், குக் எண்டெல்லாம் பேர் இருக்கு, நீ பேசாமல் இரு பிள்ளை” என்று அவளை அடக்கினேன்.

அதன் பிறகு இந்த வீட்டில் நடந்த அமளியைச் சொல்லி முடியாது. பலீல் ஹாஜியாருக்குக் காலி வீதியில் மெத்தைக் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். சின்னக் கட்டில் பத்தாது என்றதும் நல்ல மனுசன் கடையில் இருந்தே பெரிய கட்டில் ஒன்றை அனுப்பினார். அது படியில் திரும்பாமல், கதவைக் கழற்றி, மாமியின் தையல் மெசினை வெளியே எடுத்து, காற்று வருகிற கடற்கரைப் பக்க அறையில் போட்டோம். தமயந்திக்கு நான் கேள்வி கேட்டுப் பழக்கினேன். உன் புருசனுக்குத் தேத்தண்ணியா கோப்பியா, இடது பக்கம் படுப்பாரா வலது பக்கமா, குறட்டை உண்டா என்றெல்லாம். அவளுக்கு நீங்கள் கல்யாணத்துக்கு வந்து நின்ற மூன்று கிழமைக் கதையில் பாதி தெரியவில்லை. குறட்டைக்கு மட்டும் உடனே பதில் சொன்னாள். மாமி உறைப்பில்லாமல் சமைத்துப் பார்த்து, அதை நாங்கள் சாப்பிட்டுப் பார்த்து, வெள்ளைக்காரர் ஏன் ஊர் ஊராகப் போனார்கள் என்று விளங்கிக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலையிலேயே போய்ப் பதிந்தேன். மேசையில் இருந்த கான்ஸ்டபிள் பேனையைத் திறந்து “நம?” என்று பெயரைக் கேட்டார். கொம்போட்டர் என்றேன். முழுப் பெயரைக் கேட்டார். மிஸ்டர் கொம்போட்டர் என்றேன். நாடு கனடா. வயது, பார்க்கவில்லை, ஐம்பது இருக்கும் என்றேன். பாஸ்போட் இலக்கம் வந்ததும் தருகிறேன் என்றேன். வருகிற காரணம் என்ன என்று கேட்டதற்கு, “மகளைப் பார்க்க” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பெரிய அதிகாரி என்று கையை உயர்த்திக் காட்டியதும் பக்குவமாக எழுதிச் சீல் குத்தித் தந்தார். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து வந்த நடை தனி நடை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முச்சக்கர வண்டி வந்து நின்றது. படியின் மேலே மாமி கூறைச்சேலையில் குங்குமத் தட்டோடு நிற்கிறா. கீழே நான் வேட்டி சால்வையில் நிற்கிறேன். உங்களோடு வேலை செய்கிற ஸவாஹிர் பெருநாளுக்கு வந்தவர், மடியில் ஒரு பெரிய பொதியோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.

“சாமானை மேல குடுத்துவிடுவம். அவர் எங்க?”

“யாரு அங்கிள்?”

“கொம்போட்டர்.”

“இதுதான் அங்கிள் கொம்போட்டர். பிளேன்ல ஆள் மாதிரி எடம் புடிச்சிக்கிட்டு வந்திச்சு” என்று பொதியைத் தட்டிக் காட்டினார்.

மேலே மாமி தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. தமயந்தி படியில் இருந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பொதிக்குள் உங்கள் கடிதம் இருந்தது. அங்கே குளிர், தமயந்திக்குப் போர்த்துப் படுத்துப் பழக்கம் இராது, வருமுன் இதில் பழகட்டும், வெள்ளை விருப்பமா பூப்போட்டது விருப்பமா என்று கேட்டு எழுதினால் அதுபோல இன்னொன்று வாங்கி வைப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். அருமையான கடிதம். இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் இன்னும் அருமையாக இருந்திருக்கும்.

பின்னேரம் ஹாஜியார் வந்து அந்த ஐம்பது வயது அதிகாரியைத் தொழில்முறையில் பரிசோதித்தார். கொம்போட்டர் தெரிந்தெடுப்பது எப்படி என்று அவர் சொன்னதை உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். பாரத்தைப் பார்த்து வாங்கக் கூடாதாம், பாரம் கூடினால் சூடு கூடும் என்பது பிழையாம். கையால் அமர்த்திவிட்டு எடுத்தால் தானாக எழும்ப வேண்டுமாம். தையல் கட்டம் கட்டமாக இருக்க வேண்டுமாம், நீட்டுத் தையல் என்றால் உள்ளே இருக்கிறதெல்லாம் நாளடைவில் கால்மாட்டில் போய்ச் சேருமாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மெல்லிய இடம் தெரியுமாம். எல்லாம் சோதித்து முடித்து, தையலோரத்தில் ஒரு நுனியை மெல்ல இழுத்து எடுத்து முகர்ந்துவிட்டு, “முதல் தர சாமான் ஐயா. பஞ்சு இல்ல இது. தாரா எறகு ஈக்கிது உள்ளுக்கு” என்றார்.

சொல்லியிருக்கக் கூடாது. திருவெம்பாவை தொடங்குகிற கிழமை, மாமி ஒரு மாதமாக மச்ச மாமிசம் தொடாத ஆள். “தாராவோ? வாத்தோ? படுக்கையிலயோ?” என்று கேட்டவ, நேரே குளிக்கப் போய்விட்டா. வந்து ஈரத் தலையோடு நின்று, எத்தனை தாரா என்று கேட்டா. ஹாஜியாருக்கு வாய் சும்மா இருக்காது, “நூறாவது வேணும் தங்கச்சி” என்றார். மாமி மறுபடி குளிக்கப் போய்விட்டா. கடைசியில் தமயந்திதான் சமாதானம் செய்தாள். “அம்மா, நாங்கள் சாப்பிடேல்லத்தானே, போர்க்கிறதுதானே” என்றாள். வெள்ளிக்கிழமைகளில் அதை ஒருவரும் தொடக் கூடாது, சுவாமி அறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்ற இரண்டு நிபந்தனையோடு கொம்போட்டர் பெரிய கட்டிலில் குடியேறினார். அவள் மின்விசிறியை ஐந்தில் விட்டு, யன்னலைத் திறந்து, வேர்க்க வேர்க்கப் போர்த்துப் பழகினாள். அடிக்கடி எழும்பித் தண்ணீர் குடித்தாள். கனடாவுக்குப் போவது இவ்வளவு வேர்க்கிற வேலை என்று நான் நினைக்கவில்லை.

பொலிசில் போய், ஐயா வரவில்லை, வந்தது போர்வை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வெட்கம். நாளைக்கு நாளைக்கு என்று கடத்தினேன், இடையில் நத்தார்ப் பண்டிகை லீவும் வந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் மீசைக்கார சார்ஜன் ஒருவர் இரண்டு பேரோடு வந்துவிட்டார். கையில் என் பதிவு. “கோ சுத்தா?” என்றார். வெள்ளைக்காரன் எங்கே என்று கேட்கிறார். என் சிங்களம் உங்களுக்குத் தெரியும், கந்தோர்ச் சோதனையில் மூன்று முறை கோட்டை விட்ட சிங்களம். பதற்றத்தில் அதுவும் போய்விட்டது. பேசாமல் அவரை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கட்டிலில் குவிந்து கிடந்ததைக் கையால் காட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தி, ஆள் நித்திரையா என்று கேட்டார். நான் தலையை இல்லை என்றும் ஆம் என்றும் ஆட்டினேன். ஒரு பொலிஸ்காரர் பொல்லால் மெல்லக் குத்தினார். ஓர் இறகு எழும்பி சார்ஜனின் மீசையில் இருந்தது. அவர் மூன்று முறை தும்மிவிட்டு, “பொலிசியட்ட விஹிளுத?” என்று கத்தினார். பொலிசோடு பகிடியா என்று கேட்டது எனக்கும் விளங்கியது.

இனி எழுதுகிற பகுதியை நான் பகிடியாக எழுத மாட்டேன். பதிந்த வெளிநாட்டுக்காரன் எங்கே, சண்டை நடக்கிற வடக்குக்கு அனுப்பிவிட்டீர்களா, யார் அவன் என்று திங்கட்கிழமை எங்கள் எல்லோரையும் வரச் சொன்னார்கள். தமயந்தியின் கனடா விசாவுக்கு வேண்டிய பொலிஸ் நற்சாட்சிப் பத்திரத்துக்கான விண்ணப்பமும் அதே மேசையில்தான் கிடந்தது. அந்த ஆள் இருக்கிற இடம் தெரியும்வரை அது நகராது என்று சார்ஜன் சொன்னார். என்னையும் மாமியையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பிள்ளையை உள்ளே சுவரோர மர வாங்கில் இருத்தினார்கள். ஒன்பதரையில் இருந்து. எங்கள் ஒழுங்கையில் இருந்து அப்படி வாங்கில் இருத்தின இரண்டு பெடியங்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோய், தாய்மார் இன்னும் தேடித் திரிகிறார்கள். இரண்டு மணிக்கு, என்னுடைய பதிவுப் பைத்தியம்தான் பிள்ளையை இதில் கொண்டுவந்து விட்டது என்று மாமி என் முகத்துக்கு நேரே சொன்னா. கலியாணம் கட்டி இருபத்தொன்பது வருடத்தில் அவ என்னை ஏசியது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு ஓடினேன். கொம்போட்டரைத் தோளில் போட்டேன். முச்சக்கர வண்டிக்குள் நான் ஏறினால் அது ஏறாது, அது ஏறினால் நான் ஏற ஏலாது. நடந்தேன். காலி வீதிச் சோதனைச் சாவடியில் நின்றவர் அதை றோட்டில் விரித்துக் காட்டச் சொன்னார். விரித்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு தூறல். மடிக்கத் தெரியாமல் அணைத்துத் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது எனக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. “அப்பா, படி, கவனம்” என்று ஒரு குரல் கேட்டது. தமயந்தியின் குரல். வாங்கில் இருந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல வேளை, முகம் போர்வைக்குள் இருந்தது.

“பொரோனாவ, சேர், பொரோனாவ” என்று, போர்வைக்குச் சிங்களத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே பெரிய பொறுப்பதிகாரியின் அறைக்குள் கொண்டுபோய் மேசையில் போட்டேன். அவர் நிதானமான மனிதர். கரையில் தைத்திருந்த வெள்ளைத் துண்டைக் கண்ணாடி போட்டு வாசித்தார். கொம்போட்டர் என்று பெயர் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே, சீனாவில் செய்தது என்று இருந்தது. அவர் தலையை நிமிர்த்தி, “நீங்கள் கனடா என்று எழுதியிருக்கிறீர்கள்” என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். சார்ஜனைக் கூப்பிட்டு விளக்கம் சொன்னார். சார்ஜன் சிரிக்கத் தொடங்கி, நிற்பாட்ட முடியாமல் வெளியே போய்விட்டார். அந்த அறையில் ஏசி இருந்தது. பொறுப்பதிகாரி கதைத்தபடியே கொம்போட்டரின் ஒரு தலைப்பை முழங்காலில் போட்டுக்கொண்டார். தேத்தண்ணி வந்து குடித்து முடியும்வரை அதை எடுக்கவில்லை. கொழும்பு முழுவதிலும் அது பிரயோசனப்பட்ட ஒரே இடம் அதுதான்.

ஆனால் புத்தகத்தில் வெட்ட முடியாதாம். வெட்டினால் ஏன் வெட்டினது என்று மேலிடம் கேட்கும். வந்தவர் போனார் என்று மட்டுந்தான் எழுதலாமாம். இதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன், என் மேசையாக இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆகவே திருவாளர் கொம்போட்டர், சீனர், சுந்தரலிங்கத்தின் மகள் நாட்டை விட்டுப் போகும் அதே நாளில் அவரோடு வெளியேறுவார் என்று எழுதி, நான் பொறுப்பாகக் கையெழுத்து வைத்தேன். நற்சாட்சிப் பத்திரம் நகர்ந்தது. இருவரும் போனதும் நான் போய் அறிவிக்க வேண்டும். விளங்குகிறதுதானே மருமகன், அது ஏன் வருகிறது என்று?

ஒன்று மறந்துவிட்டேன். தூறலில் நனைந்ததால் அதைக் கழுவ வேண்டி வந்தது. கழுவும் விதத்தை எழுதுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது, நாங்கள் பிழிந்தோம். வெளுக்கும் தூள் போடக் கூடாது, அதை மட்டும் போடவில்லை, வீட்டில் இருக்கவில்லை. நனைந்தால் தாரா நாற்றம் வரும், காய்ந்தால் போய்விடும், இடையில் வருகிற நாட்கள்தான் பாடு. மொட்டை மாடியில் நானும் மாமியும் முறை வைத்து நாலு நாள் காவல் இருந்தோம். மணிக்கு ஒருக்கால் பிரட்டிப் போட்டு, கட்டி பட்ட இறகைக் கையால் உதிர்த்து, காகத்தைக் கலைத்து, ரயில் போகும்போது தூசு விழாமல் மூடி. இரண்டாம் நாள் கீழே காவலுக்கு நின்ற ஆமிக்காரர், மாடியில் வெள்ளைத் துணி ஏன், சரணடைகிறீர்களா என்று கேட்டுச் சிரித்தார். அடிக்கடி கழுவாமல், உறை போட்டுப் பாவித்து உறையை மட்டும் கழுவுவதே புத்தி. இறுக்கி மடித்துப் பெட்டியில் அமுக்கி வைக்கக் கூடாது. இடைக்கிடை வெளியே எடுத்துக் காற்றாட விட வேண்டும். இந்த வரியை எழுதும்போது எட்டிப் பார்த்த மாமி, “அதெல்லாம் பிள்ளைக்கும் பொருந்தும் எண்டு எழுதுங்கோ” என்றா. எழுதிவிட்டேன்.

பிள்ளை போவது நல்லது என்று எனக்குத் தெரியும். இங்கே அவள் பஸ்சில் போய் வருகிற ஒவ்வொரு பின்னேரமும் நான் பல்கனிக்கும் படிக்கும் நடந்து தேய்கிறேன். அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். இருந்தாலும் இந்தக் கடிதம் எழுதுகையில் ஆறு தரம் எழும்பிப் போய் அவள் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அவளுக்கு வெள்ளைதான் விருப்பமாம்.

விமான நிலையத்துக்குப் பெரிய வாகனமாகக் கொண்டு வாருங்கள். கொம்போட்டரை முதலில் வாங்கி வையுங்கள், பிறகு பிள்ளையை. உங்கள் இருவருக்கும் எந்நாளும் குறைவில்லாத சோறும் குளிரில்லாத படுக்கையும் கிடைக்க எங்கள் மனமார்ந்த ஆசி.

இங்ஙனம்,
உங்கள் அன்பு மாமா,
வே. சுந்தரலிங்கம்

பி.கு.: 12.02.1999, வெள்ளிக்கிழமை. மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். தபாலில் பிரித்துப் பார்ப்பார்களோ, பொலிசைப் பற்றி எழுதினது பிழையோ என்று யோசித்து யோசித்துப் போடாமல், இரண்டு கிழமையாக இதைச் சேட்டுப் பையிலேயே வைத்துத் திரிந்து விமான நிலையம்வரை கொண்டுபோய்விட்டேன். அங்கே நிறுத்துப் பார்த்ததில் பெட்டி பாரம் கூடிவிட்டது. ஒன்றை எடுக்க வேண்டும் என்றார்கள், மாமி இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூளையா, கொம்போட்டரையா என்று. தமயந்தி கொம்போட்டரை இழுத்து எடுத்து, அந்தப் புழுக்கத்தில், அத்தனை சனத்துக்கு நடுவில், தாயைச் சுற்றிப் போர்த்துவிட்டாள். “அம்மா, அங்க அவர் வேற வாங்கித் தருவார்” என்றாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். மாமி அதை எடுக்கவில்லை, வான் ஏறி வீடு வரும்வரை எடுக்கவில்லை. சாவடியில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு இரண்டு பேர் என்றேன்.

இன்று காலை பொலிசுக்குப் போய், மகளும் திருவாளர் கொம்போட்டரும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்று அறிவித்தேன். சார்ஜன் கைகொடுத்தார். இருவர் பெயருக்கும் நேரே ‘வெளியேறினார்’ என்று எழுதியதை நின்று பார்த்துவிட்டு வந்தேன். இப்போது வெள்ளிக்கிழமை பத்து மணி. மின்விசிறி ஐந்தில் சுழல்கிறது. கோயிலுக்குப் போக வேண்டிய மாமி பெரிய கட்டிலில் தலையோடு போர்த்துக்கொண்டு கிடக்கிறா, பிள்ளையின் தலையெண்ணெய் மணக்குதாம். நீங்கள் அங்கே வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள், பஞ்சோ தாராவோ உங்கள் விருப்பம், இதைக் கேட்க வேண்டாம். நானும் ஒரு கரையை இழுத்துக் காலில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பதியாமல் ஓர் ஆளை வீட்டில் வைத்திருப்பது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை.